பக்கத்துக்குள் ஒரு பக்கம்

1999 ஜூன் மாதம். சிட்னி ஒலிம்பிக் தொடங்க இன்னும் பதினைந்து மாதங்கள் இருந்தன. புரூஸ் மக்வைர் என்ற ஆஸ்திரேலியர் அந்நாட்டின் மனித உரிமை, சம வாய்ப்பு ஆணையத்திடம் ஒரு புகார் கொடுத்தார். அவர் பிறவியிலேயே பார்வையற்றவர். திரையில் இருக்கும் எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக மேலெழுப்பிக் காட்டும் கருவியை விரலால் தடவி இணையத்தைப் படிப்பவர். ஒலிம்பிக் இணையதளம் தன் விரலுக்கு எட்டவில்லை என்பதுதான் புகார். அவர் கேட்டவை மூன்றே விஷயங்கள். படங்களுக்கும் படங்களில் பொதிந்த இணைப்புகளுக்கும் எழுத்தில் விளக்கம் வேண்டும். போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும். போட்டி முடிவுகளின் அட்டவணைகளைத் தன்னால் படிக்க முடிய வேண்டும்.

ஏற்பாட்டுக் குழு மறுத்தது. முடிவு அட்டவணைகளுக்கு மட்டும் 1,295 டெம்ப்ளேட்டுகள் (பக்கத்தை வார்க்கும் அச்சுகள்) இருப்பதாகவும், ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தாலும் 368 நாளுக்கு மேல் ஆகும் என்றும், செலவு இருபது லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும் என்றும் சொன்னது. மக்வைருக்காக இரண்டு வல்லுநர்கள் சாட்சியம் அளித்தார்கள். ஒருவர் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஜூட்டா ட்ரெவிரானஸ். மற்றவர் ஆஸ்திரேலியக் கணினி வல்லுநர் டாம் வொர்திங்டன். டெம்ப்ளேட்டுகளின் உண்மையான எண்ணிக்கை மிகக் குறைவு. அனுபவமுள்ள ஒருவரும் அவருக்குத் துணையாக ஐந்து முதல் பத்துப் பேரும் இருந்தால் நான்கே வாரத்தில் அடிப்படை நிலையை எட்டிவிடலாம் என்பது அந்தத் தரப்பின் கணக்கு. ஆள்நாளாகப் பெருக்கினால் 120 முதல் 220 வரை வரும்.

ஆணையம் மக்வைர் பக்கம் தீர்ப்பளித்தது. 2000 ஆகஸ்ட் 24 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, தொடக்க விழா நாளான செப்டம்பர் 15க்குள் தளத்தைச் சரிசெய்யச் சொன்னது. குழு ஓரளவே செய்தது. நவம்பரில் 20,000 டாலர் இழப்பீடு கொடுக்கும்படி ஆணை பிறந்தபோது போட்டிகள் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மக்வைர் படிக்க விரும்பிய முடிவுகள் அதற்குள் பழங்கதை ஆகிவிட்டன.

இணையதளம் செய்து தரும் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் இந்த வழக்கில் என்னை இழுப்பது இழப்பீட்டுத் தொகை அல்ல, அந்த இரண்டு மதிப்பீடுகள். ஒரே தளம், ஒரே வேலை. ஒரு தரப்பு மலையைப் பார்க்கிறது, இன்னொரு தரப்பு ஒரு மாத வேலையைப் பார்க்கிறது. யாரும் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. இணையப் பக்கம் எதனால் ஆனது என்பதை அவர்கள் வெவ்வேறாகப் புரிந்துவைத்திருந்தார்கள். இன்றும் எந்த வாடிக்கையாளரோடு உட்கார்ந்தாலும் அதே இரண்டு புரிதல்கள்தான் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே முதலில் பக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம்.

உலாவிக்கு வந்து சேர்வது வெறும் எழுத்து. எச்டிஎம்எல் என்ற குறிமொழியில், "இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது பட்டன்" என்று குறிச்சொற்கள் இடப்பட்ட எழுத்து. உலாவி அதைப் படித்து ஒரு மரமாக அடுக்கிக்கொள்கிறது. நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாம் சிஎஸ்எஸ் என்ற தனி விதிப்பட்டியலில் வருகின்றன. மரத்தின் மேல் அந்த விதிகளைப் போர்த்தித் திரையில் வரைகிறது. வாடிக்கையாளர் பார்ப்பதும், "அந்த நீலம் கொஞ்சம் அடர்த்தியா இருக்கட்டும்" என்று திருத்தம் சொல்வதும் இந்த வரைதலை மட்டும்தான்.

ஆனால் உலாவி இன்னொரு மரத்தையும் கட்டுகிறது. பார்வை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் போன்ற மென்பொருள் கேட்டதும் அதற்காகவே தயாராகும் மரம் அது. அதன் பெயர் அணுகல் மரம். அதில் நிறம் இல்லை, வடிவம் இல்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு நிலை மட்டுமே இருக்கும். "பணம் செலுத்து" என்பது பெயர். "பட்டன்" என்பது வேலை. "இப்போது அழுத்த முடியாது" என்பது நிலை. ஸ்கிரீன் ரீடர் இந்த மரத்தைக் கேட்டு வாங்கிப் பேச்சாக ஒலிக்கிறது, அல்லது பிரெய்ல் கருவிக்கு அனுப்புகிறது. அந்தக் கருவியில் மின்சாரம் பாய்ந்தால் வளையும் பீங்கான் பட்டைகள் சிறு ஊசிகளை மேலே தள்ளுகின்றன. வரி மாறும்போது ஊசிகளும் மாறுகின்றன. மக்வைரைப் போன்றவர்களின் விரல் இன்று தொடுவது இந்த மரத்தைத்தான்.

இப்போது ஒரு பட்டனை இரண்டு விதமாகச் செய்யலாம். எச்டிஎம்எல்லில் பட்டனுக்கென்றே இருக்கும் குறிச்சொல்லை எழுதலாம். அல்லது பொருளற்ற ஒரு பெட்டியை வைத்து, நிறம் பூசி, ஓரத்தை வளைத்து, மவுஸால் சொடுக்கினால் வேலை செய்யும்படி நிரல் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் ஒரு மயிரிழை வேறுபாடுகூடத் தெரியாது. அணுகல் மரத்திலோ முதலாவது பட்டனாக நிற்கிறது. இரண்டாவது யாரோ விட்டுச்சென்ற ஒரு துண்டு எழுத்து. முதலாவதற்கு டேப் விசையால் போய்ச் சேரலாம், என்டர் விசையால் அழுத்தலாம். அதற்காக நாம் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை, உலாவியே செய்துகொடுக்கிறது. இரண்டாவதை டேப் விசையால் சென்றடைய வழியே இல்லை. ஏறக்குறைய அதே உழைப்பில் ஒருவருக்குக் கடை திறக்கிறது, இன்னொருவருக்கு மூடிக்கிடக்கிறது. இது பணச் செலவால் வரும் வேறுபாடு அல்ல. எந்தக் குறிச்சொல் எதற்கு என்று தெரிந்திருப்பதால் வருவது.

ஸ்கிரீன் ரீடரில் பழகியவர்கள் படிக்கும் விதம் கேட்பவரை வியக்கவைக்கும். சாதாரணப் பேச்சைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டுக் கேட்கிறார்கள். பழகாத காதுக்கு அது ஒரு சலசலப்பாக மட்டுமே இருக்கும். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பெரும்பாலானோர் கேட்பதில்லை. 'எச்' விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவுகிறார்கள், நாம் செய்தித்தாளில் தலைப்புகளை மேய்கிற அதே வேலை. தலைப்பைத் தலைப்பு என்று குறிக்காமல் வெறுமனே பெரிய, தடித்த எழுத்தாக்கி வைத்திருந்தால் தாவுவதற்கு எதுவுமே இல்லை. அட்டவணையும் அப்படித்தான். மேல்வரிசைக் கட்டங்களைத் தலைப்புக் கட்டங்கள் என்று குறித்திருந்தால், உள்ளே எந்தக் கட்டத்துக்குப் போனாலும் "நேரம், 9.87" என்று தலைப்போடு சேர்த்துச் சொல்லும். குறிக்காவிட்டால் "9.87" மட்டும் வரும். அது நேரமா, புள்ளியா, யாருடையது என்று எதுவும் தெரியாது. ஒலிம்பிக் முடிவு அட்டவணை ஒன்றை அப்படி எண்களின் ஓடையாகக் கற்பனை செய்து பாருங்கள்.

சிட்னியின் இரண்டு மதிப்பீடுகள் இங்கேதான் பிரிகின்றன. ஒலிம்பிக் தளத்தின் முடிவுப் பக்கங்களை யாரும் கையால் எழுதவில்லை. தரவுத்தளத்திலிருந்து எண்கள் வந்து டெம்ப்ளேட்டில் விழுந்து பக்கங்களாக வெளிவந்தன. முறுக்கு அச்சின் தட்டைச் சரிசெய்தால் அதற்குப் பிறகு பிழியும் முறுக்கெல்லாம் சரியாக வரும். ஒவ்வொரு முறுக்காக எடுத்துத் திருத்துவதைப் போல நினைத்தவர்களுக்கு 368 நாள் தெரிந்தது. எத்தனை அச்சு என்று எண்ணியவர்களுக்கு நான்கு வாரம் தெரிந்தது. அந்த நான்கு வாரமும் பின்னால் போய்ச் சரிசெய்வதற்கான காலம் என்பதை மறக்கக் கூடாது. டெம்ப்ளேட்டை முதன்முதலில் எழுதும்போதே சரியான குறிச்சொல்லை இட்டிருந்தால் இந்தக் கணக்கே எழுந்திருக்காது. அதற்கு என்ன தேவை என்று சொல்லும் முதல் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியை, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டது 1999 மே 5 அன்று, மக்வைர் புகார் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்னால்.

இவ்வளவு எளிது என்றால் அந்தக் காலத்துத் தளங்கள் ஏன் அப்படி இருந்தன என்று கேட்கலாம். 1990களின் பிற்பகுதியில் நெட்ஸ்கேப், மைக்ரோசாஃப்ட் இரண்டும் உலாவிச் சந்தைக்காகப் போரிட்டன. ஒவ்வொன்றும் தனக்கென்று குறிச்சொற்களைச் சேர்த்துக்கொண்டது. ஒன்றில் ஒழுங்காகத் தெரியும் பக்கம் மற்றதில் சிதறியது. ஒரே தளத்தை இரண்டு முறை எழுத வேண்டிய நிலை. 1998இல் ஜெஃப்ரி செல்ட்மன் உள்ளிட்ட சில வடிவமைப்பாளர்கள் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் ப்ராஜெக்ட் என்ற குழுவைத் தொடங்கி, உலாவி நிறுவனங்கள் பொதுத் தரநிலையை மதிக்க வேண்டும் என்று போராடினார்கள். வாடிக்கையாளர்களிடம் காட்ட அவர்களுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு 2003இல் கிடைத்தது. அமெரிக்க விளையாட்டுச் செய்தி நிறுவனமான இஎஸ்பிஎன், அலங்காரத்தை எல்லாம் சிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றித் தன் தளத்தைப் புதிதாக எழுதியது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 50 கிலோபைட் குறைந்தது. அன்றாடம் நான்கு கோடிப் பக்கங்கள் திறக்கப்பட்ட தளம் அது. பெருக்கினால் நாளுக்கு 2 டெராபைட் அனுப்பும் செலவு மிச்சம்.

தரநிலையை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு நான் வாடிக்கையாளர்களிடம் சொல்லும் கதை தென் கொரியாவினுடையது. 1990களின் இறுதியில் அமெரிக்கா வலிமையான மறையாக்க நுட்பம் வெளிநாடுகளுக்குப் போவதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. உலாவியில் இருந்த பலவீனமான பூட்டை நம்பி வங்கி வேலை நடத்த முடியாது என்று கொரியா தானே சீட் என்ற மறையாக்க முறையை உருவாக்கியது. அன்றைய நிலையில் அது அறிவார்ந்த முடிவு. ஆனால் எந்த உலாவியிலும் சீட் இல்லை. ஆகவே இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குள் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸ் நிரலாக அதைச் செருகினார்கள். வங்கி, கடை, அரசு அலுவலகம் எல்லாம் அதையும், ஆளை அடையாளம் காட்டும் ஒரு மின்னணுச் சான்றிதழையும் கேட்டன. விண்டோஸும் எக்ஸ்புளோரரும் இல்லாதவரால் அன்று கொரியாவில் இணையம்வழி பணம் கட்ட முடியவில்லை.

2000இன் தொடக்கத்திலேயே அமெரிக்கா தன் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டது. காரணம் போய்விட்டது, ஆக்டிவ்எக்ஸ் போகவில்லை. 2014இல் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடர் சீனாவில் பெரும் வெற்றி பெற்றது. கதாநாயகி அணிந்த கோட்டை வாங்கச் சீன ரசிகர்கள் கொரியக் கடைகளின் தளங்களுக்கு வந்தார்கள். அந்தச் சான்றிதழும் நிரலும் இல்லாமல் வாங்க முடியவில்லை. அதிபர் பார்க் குன் ஹே ஓர் அரசுக் கூட்டத்தில் இந்தக் கோட்டைக் குறிப்பிட்டே குறைபட்டார். அதன் பிறகுதான் விதிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அந்தச் சான்றிதழின் சட்டத் தனித்தகுதி நீங்க 2020 டிசம்பர் வரை ஆனது. காசு கையில் வைத்துக்கொண்டு வாங்க வந்தவர்களைத் தன் தளமே திருப்பி அனுப்பியது என்பது எந்த வியாபாரிக்கும் உடனே உறைக்கிறது. பொதுத் தரத்தில் எழுதியது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் இணையப் பக்கத்தின் 1992ஆம் ஆண்டுப் படி செர்ன் ஆய்வகத்தின் தளத்தில் இருக்கிறது. இன்று வாங்கிய கைப்பேசியில் திறந்தாலும் அது ஒழுங்காகத் திறக்கிறது. ஒரே நிறுவனத்தின் ஃப்ளாஷ் நுட்பத்தில் பெருஞ்செலவில் செய்த தளங்களோ 2020 டிசம்பர் 31க்குப் பிறகு கேட்பாரற்றுப் போயின.

நம் வீட்டிலேயும் இப்படி ஒரு கதை நடந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொது எண் தரும் யூனிகோட் முறை பரவுவதற்கு முன் தமிழ் இணையதளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அவற்றில் பல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்துவைத்த எழுத்துருக்கள். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று திரையில் தெரியும்போது கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கொத்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கொத்துதான் தெரியும். தேடுபொறியில் தமிழில் தேடினால் அந்தப் பக்கம் அகப்படாது. ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர் காதில் "ஜே கே பி ஓ" என்றுதான் விழும். யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் எல்லாரும் அதற்கு மாற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம். தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்றது 2010இல். இதற்கிடையே எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகளும் ஆவணங்களும் இன்றும் அந்தப் பழைய உருவங்களுக்குள் சிக்கிக் கிடக்கின்றன. பெட்டியில் நிறம் பூசிச் செய்த பட்டனும் பாமினியில் அடித்த தமிழும் ஒரே வகைக் குறைபாடு. உருவம் இருக்கிறது, உள்ளே பொருள் இல்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சிறு விஷயம். பக்கத்தின் தொடக்கத்தில் அது எந்த மொழி என்று ஒரு குறி இட வேண்டும். இரண்டே எழுத்து. அதைப் பார்த்துத்தான் ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலுக்கு மாறுகிறது. குறி இல்லையென்றால் சில கருவிகளில் ஆங்கிலக் குரல் தமிழ்ச் சொற்களைக் கடித்துத் துப்பும், அல்லது மொத்தமாக மௌனமாகிவிடும். தமிழ்த் தளங்கள் பலவற்றில் இந்த இரண்டு எழுத்து இல்லை, அல்லது வாங்கிய டெம்ப்ளேட்டில் இருந்தபடியே ஆங்கிலம் என்று இருக்கிறது. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இதைவிட மலிவான திருத்தம் இத்தொழிலில் வேறு இல்லை.

பார்வையே இல்லாதவர்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான். அணுகல் வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நிற வேறுபாட்டு விதி. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது அது. வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து 21க்கு 1, அதுவே உச்சம். இந்த 4.5 எங்கிருந்து வந்தது? இயல்பான பார்வைக்கு 3க்கு 1 போதும் என்று ஏற்கெனவே ஒரு பன்னாட்டுத் தரம் இருந்தது. சராசரிக் கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிற கண்ணுக்கு, அதே எழுத்து ஒன்றரை மடங்கு வேறுபாட்டோடு தெரிய வேண்டும். மூன்றை ஒன்றரையால் பெருக்கினால் 4.5. சுமார் எண்பது வயதில் பலருக்கும் பார்வை அந்த அளவில்தான் இருக்கும். அந்த எண்ணுக்குள் நம் பாட்டியின் கண் இருக்கிறது.

கணக்கிடும் முறையும் அழகு. திரையின் ஒளி சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கலவை. ஆனால் மூன்றையும் கண் சமமாக மதிப்பதில்லை. ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு 71.52 விழுக்காடு, சிவப்புக்கு 21.26, நீலத்துக்கு வெறும் 7.22. மனிதக் கண்ணின் இயல்பையே சூத்திரமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதன்படி வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற எண் கொண்ட சாம்பல் நிறத்துக்கு 4.54 கிடைக்கிறது, தேறிவிடுகிறது. அதற்கு அடுத்த படியான 777777க்கு 4.48, தேறவில்லை. இந்த இரண்டு சாம்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த வடிவமைப்பாளராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வெளிர் சாம்பல்தான் நவீனம் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம், அழகைக் குறைக்கச் சொல்லவில்லை, நான்கைந்து படி அடர்த்தியாக்கினால் போதும் என்று இந்த எண்களை வைத்துப் பேசலாம். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்க்கும் இளைஞனுக்கும் அதே திருத்தம்தான் உதவுகிறது.

சரி, வாடிக்கையாளரை எப்படிச் சம்மதிக்கவைப்பது? அவர்கள் வழக்கமாகச் சொல்வது, "நம்ம சைட்டுக்கு அப்படிப்பட்டவங்க யாரும் வர்றதில்லையே, மேடம்." வருகையாளர் கணக்கைத் திறந்தும் காட்டுவார்கள். ஆனால் ஸ்கிரீன் ரீடரில் ஒருவர் வந்தாரா என்று எந்த வருகைக் கணக்கும் நேரடியாகச் சொல்லாது; பயனரின் அந்தரங்கம் கருதி உலாவிகள் அதை வெளியே சொல்வதில்லை. வந்து, முடியாமல் திரும்பியவரும் "ஐந்து விநாடியில் வெளியேறினார்" என்ற வரிக்குள் அடங்கிவிடுவார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். முதுமையால் கண் மங்கியவர்களும் கை நடுங்குபவர்களும் அந்தக் கணக்கில் முழுமையாகச் சேரவில்லை.

பணத்தை வைத்துப் பேசலாம், பேசவும் வேண்டும். பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனம் பார்வையற்றோர் நலக் கழகத்தோடு சேர்ந்து 2001இல் அணுகக்கூடிய மளிகைத் தளம் ஒன்றைத் திறந்தது. செலவு 35,000 பவுண்டு. பின்னர் அதன் வழியாக ஆண்டுக்கு 1.3 கோடி பவுண்டுக்கு மேல் வியாபாரம் நடந்தது. கனமில்லாத, தெளிவான பக்கம் என்பதால் பார்வையுள்ளவர்களும் அதைத் தேடி வந்தார்கள். சட்டத்தை வைத்தும் பேசலாம். அமெரிக்காவில் டார்கெட் கடை நிறுவனம் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்த வழக்கை 2008இல் 60 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது; சென்னையிலும் கோவையிலும் இருந்து ஐரோப்பியக் கடைகளுக்குத் தளம் செய்து கொடுக்கும் நிறுவனங்களை அது நேரடியாகத் தொடுகிறது.

ஆனால் சட்டத்தை முதலில் எடுத்து வைக்க நான் விரும்புவதில்லை. பயந்தவர் குறைந்தபட்சத்தையே செய்வார், அதையும் குறுக்குவழியில் தேடுவார். அப்படிப்பட்ட குறுக்குவழி சந்தையில் கிடைக்கிறது. ஒரு வரி நிரலைச் சேர்த்தால் போதும், செயற்கை நுண்ணறிவு உங்கள் தளத்தை அணுகத்தக்கதாக்கிவிடும் என்று விற்கிறார்கள். அவ்வாறு விற்ற ஆக்செஸிபி நிறுவனம் பொய்யான உறுதி கொடுத்தது என்று கூறி அமெரிக்க வணிக ஆணையம் 2025இல் பத்து லட்சம் டாலர் செலுத்தவைத்தது. ஏன் அது வேலை செய்யாது என்பது அணுகல் மரத்தைப் புரிந்துகொண்டவருக்குத் தெரியும். பொருளே எழுதப்படாத இடத்தில் வெளியிலிருந்து வந்த நிரல் பொருளை ஊகிக்கத்தான் முடியும். பணம் கட்டும் பக்கத்தில் ஊகம் உதவாது.

நான் முதலில் செய்வது மவுஸைக் கழற்றி வைப்பது. கூட்டத்துக்கு வந்திருக்கும் முதலாளியிடமே மடிக்கணினியைக் கொடுத்து, டேப் விசையை மட்டும் வைத்து உங்கள் கடையில் ஒரு பொருளை வாங்கிக் காட்டுங்கள் என்று கேட்பேன். முதல் சில தட்டலிலேயே, தான் இருக்கும் இடம் எது என்று தெரியாமல் திகைப்பார்கள். ஏனென்றால் தேர்வாகியிருக்கும் உறுப்பைச் சுற்றி உலாவி தானாகவே வரையும் கோட்டை, பார்க்க நன்றாக இல்லை என்று யாரோ நீக்கியிருப்பார்கள். பிறகு ஸ்கிரீன் ரீடரைப் போட்டு அவர்களுடைய முகப்புப் பக்கத்தை அவர்களையே கேட்கச் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர், மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே, சேர்ந்து வளர்த்த என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. "படம், படம், ஐஎம்ஜி 4032, இணைப்பு, இணைப்பு" என்று தங்கள் கடையின் பெயர்கூட வராமல் ஒலிப்பதைக் கேட்டு முகம் மாறாத முதலாளியை நான் பார்த்ததில்லை. அதன்பின் அவர்களே கேட்கிறார்கள், இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று.

வியாபாரக் கணக்குக்கு அடங்காத பக்கமும் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. இந்தியாவில் வங்கிக் கணக்குத் தொடங்க, சிம் வாங்க, கைப்பேசிக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். எதிரே இருப்பது உயிருள்ள ஆள்தான் என்று உறுதிசெய்ய. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்தவர்களால் சிமிட்ட முடியவில்லை. ஒரு வங்கி அப்படி ஒருவருக்குக் கணக்குத் தொடங்க மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு, மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, 20 வழிகாட்டுதல்களையும் கொடுத்தது. சிமிட்டச் சொல்லும் அந்த விதியை எழுதியவர் எவரும் அவர்களை ஒதுக்கத் திட்டமிட்டிருக்க மாட்டார். அப்படி ஒருவர் வருவார் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்படித் தோன்றாமல் போவது எவ்வளவு பரவலானது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2025இல் அவற்றில் 94.8 விழுக்காட்டில் குறை இருந்தது. ஆனால் அகப்பட்ட குறைகளில் 96 விழுக்காடு ஆறே வகைக்குள் அடங்கிவிடுகின்றன. மங்கிய எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இடாத படிவக் கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பட்டன், மொழிக் குறி இல்லாமை. இவற்றில் எதற்கும் மேதைமை தேவையில்லை.

ஆகவே இப்போதெல்லாம் ஒப்பந்தம் எழுதும்போதே இந்த ஆறையும் பெயர் சொல்லி எழுதிவிடுகிறேன், தளம் விசைப்பலகையால் மட்டும் இயங்க வேண்டும் என்ற ஏழாவது வரியோடு. எட்டாவதாக ஒரு செலவுத் தலைப்பும் வரும். தளம் வெளியாகும் முன் ஸ்கிரீன் ரீடரை அன்றாடம் பயன்படுத்தும் பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் அதில் தேடி, வாங்கி, பணம் கட்டிப் பார்த்துக் குறிப்புத் தர வேண்டும். அந்த வேலைக்கு, மற்ற எந்தச் சோதனையாளருக்கும் கொடுக்கும் அதே மணிக்கூலி அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். "உதவியாகச் செய்து தரமாட்டார்களா?" என்று சிலர் கேட்பதுண்டு. மாட்டார்கள், செய்யவும் கூடாது என்று சொல்லி அந்த வரியை அப்படியே விட்டுவிடுகிறேன்.